மூன்று டெசிபல்

மார்ச் 4, செவ்வாய்

குருவி இன்று மூன்றாவது கோட்டில் ‘ம்’ கேட்டுவிட்டாள்.

பயிற்சி அறைத் தரையில் மீட்டருக்கு ஒன்றாக ஒட்டியிருக்கும் கோடுகளில் மூன்றாவது. அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளாதபடி, துணி கட்டிய வளையத்தால் வாயை மறைத்துக்கொண்டு அங்கிருந்து சொன்னேன். கேட்டதற்கு அடையாளமாகக் கையில் வைத்திருந்த மரக்கட்டையைக் கூடையில் போட்டாள். போட்டுவிட்டு, இதெல்லாம் ஒரு விஷயமா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நாலு வயசுக்கு அவ்வளவு திமிர். சோதித்துப் பார்க்கும் ஆறு ஒலிகளில் மற்ற ஐந்தும் எப்போதோ வந்துவிட்டன. இந்த ‘ம்’ மட்டும் ஒன்றரை வருஷமாக இழுத்தடித்தது. தாழ்ந்த சத்தம் அது. வெளியே ஒரு பஸ் உறுமினால் அதோடு சேர்ந்து காணாமல் போய்விடும்.

மூலையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வீட்டுல ஒண்ணுமே கேக்க மாட்டேங்குறா டீச்சர். இங்க மட்டும் எப்படி?” என்றாள். நான் ஒன்றும் மந்திரம் போடவில்லை. வீட்டில் மின்விசிறி, பக்கத்து வீட்டு டிவி, குக்கர் எல்லாம் இருக்கிறது. காதில் மாட்டும் மெஷின் நல்ல சத்தம் கெட்ட சத்தம் பார்க்காது, எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கும். என் வீட்டு முன்பக்கத்தில் இருக்கும் இந்த அறைக்கும் ரோட்டுக்கும் நடுவில் மதில், இரண்டு மரம், பதினைந்து அடித் தோட்டம். ஜன்னலில் என் சின்ன ஒலி மீட்டர் ஐம்பத்தெட்டு டெசிபல் காட்டும். தினமும் காலையில் பதிவேட்டில் எழுதுகிறேன். ஜன்னலைச் சாத்தினால் உள்ளே நாற்பதுக்கும் கீழே. குருவிக்கும் மற்ற பதினோரு பிள்ளைகளுக்கும் நான் கொடுப்பது அந்த அமைதியைத்தான். வித்தை எல்லாம் அதற்கு அப்புறம்.

சாயங்காலம் கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களாம்.

மார்ச் 7, வெள்ளி

மதிலுக்கு உள்ளே, மரங்களையும் தாண்டி, சிவப்புப் பெயின்ட்டில் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கோட்டுக்கும் என் ஜன்னலுக்கும் எட்டடி.

வீட்டில் இவருக்கு இதில் சந்தோஷம்தான். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருக்கும் மனிதரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? “இந்த ரோட்டுல மட்டும் ஒவ்வொரு வண்டியும் இருபது நிமிஷம் லேட்டு. எத்தனை பேர் தொங்கிக்கிட்டுப் போறாங்க தெரியுமா?” என்றார். தெரியும். குருவியின் அம்மாவும் அப்படித்தான் இரண்டு பஸ் மாறி வருகிறாள். அதனால்தான் எனக்குச் சண்டை போடவும் வரவில்லை.

வீடு வீடாகக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை வரி விடாமல் படித்தேன். சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்வார்களாம், பிறகு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமாம். பள்ளிக்கூடம், மருத்துவமனை, பயிற்சி மையம் மாதிரி இடங்களில் இப்போதுள்ள சத்தத்தை அளப்பார்கள். திட்டத்தால் அது மூன்று டெசிபலுக்கு மேல் கூடினால், திட்டச் செலவிலேயே ஒலித் தடுப்புச் சுவரும் இரட்டைக் கண்ணாடி ஜன்னலும்.

மூன்று என்ன, பத்தே கூடும். படித்துவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தேன்.

மார்ச் 12, புதன்

அளக்க ஆள் வந்தார். ஒல்லியான இளைஞர். முக்காலியை விரித்து, மேலே பஞ்சுத் தலை வைத்த கருவியை மாட்டி, சரியாக என் பயிற்சி அறை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினார். இருபத்துநாலு மணி நேரம் ஓட வேண்டுமாம். “எனக்கு இன்னும் ரெண்டு இடத்துல மெஷின் இருக்கு மேடம். மூணு இடத்துக்கும் ஒரே ஆள். யாரும் தொடாம கொஞ்சம் பார்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் பறந்தார். அவருக்கு ‘பஞ்சுத்தலை’ என்று பெயர் வைத்தேன், மனசுக்குள்.

ஐந்தரைக்குப் பக்கத்து அடுக்ககத்தின் செயலாளர் வந்தார். எதற்கும் வருவார். முக்காலியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“என்ன டீச்சர், இங்க கொண்டாந்து ஒளிச்சு வச்சிருக்கான்? இங்க வச்சா என்ன கேக்கும்? ரோட்டுப் பக்கம் வைங்க. நாம படுற பாடு அவனுக்குத் தெரிய வேணாமா?”

நியாயமாகத்தான் பட்டது. எவ்வளவு சத்தத்தில் கிடக்கிறோம் என்று தெரிந்தால்தானே இரக்கப்பட்டுச் சுவர் கட்டுவார்கள். நானே முக்காலியைத் தூக்கிப்போய்க் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெளியே பஸ் நிறுத்தம். செயலாளர் அதோடு விடவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் போய், “இன்னிக்கு ரெண்டு ஹாரன் சேர்த்தே அடிங்கப்பா” என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்களுக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை.

மார்ச் 13, வியாழன்

பஞ்சுத்தலை வருவதற்குள் முக்காலியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். தம்பி ஒன்றும் கவனிக்கவில்லை. ஏதோ நல்ல காரியம் செய்த திருப்தி.

மார்ச் 31, திங்கள்

குருவி நான்காவது கோட்டில். ‘ம்’. பத்துக்கு ஏழு முறை.

மே 2, வெள்ளி

எனக்கு எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அறிக்கை வார்டு அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். மையத்துக்கு அரை நாள் விடுமுறை விட்டுவிட்டுப் போனேன். நானூற்றுச் சொச்சம் பக்கம். அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும், போட்டோ எடுக்கக் கூடாது. அலமாரிச் சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்த பிறகு, எனக்கு முன்னால் யாரும் திறக்காத மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த பக்கங்களைப் பிரித்துப் பிரித்துத் தேடினேன்.

இடம் எண் 7, செவித்திறன் பயிற்சி மையம், ஜன்னல் அருகே. தற்போதைய சத்தம் 74.8. அகலப்படுத்திய ரோட்டிலிருந்து வரப்போவது 68. இரண்டும் சேர்ந்து 75.6. அதிகரிப்பு 0.8. புறக்கணிக்கத்தக்கது. தணிப்பு நடவடிக்கை தேவையில்லை.

முதலில் அவர்கள்மேல்தான் கோபம் வந்தது. முட்டாள்கள், என் ஜன்னலில் எப்படி 74.8 வரும் என்று. பிறகுதான் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று உறைத்தது.

நான் கொடுத்த எண் அது. கேட்டுப் பக்கத்து எண். பஸ் நிறுத்தத்தின் எண். ஆட்டோக்காரர்களின் உபரி ஹாரன் உட்பட.

ஏற்கெனவே இவ்வளவு சத்தத்தில் இருப்பவளுக்கு இன்னும் கொஞ்சம் கூடினால் என்ன என்று கணக்கு முடிந்துவிட்டது. ஐம்பத்தெட்டோடு அறுபத்தெட்டைச் சேர்த்திருந்தால் கூடுதல் பத்துக்கு மேல் வந்திருக்கும். சுவர் தானாக வந்திருக்கும். டெசிபல் சாதாரண எண் மாதிரிக் கூடாது, பெரிய சத்தம் சின்னதை விழுங்கிவிடும் என்று ஊருக்கே வகுப்பெடுப்பவள் நான். முப்பது வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியவள். எனக்கு அன்றைக்குப் புத்தி எங்கே போச்சு? அந்த ஆள் சொன்னால் நான் ஏன் தூக்கிட்டுப் போகணும்? யாராவது ‘கஷ்டத்தைக் காட்டு’ன்னா உடனே காட்டிடறதா?

இவரிடம் சொல்லவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

மே 3, சனி

பஞ்சுத்தலையின் நம்பரைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“மேடம், இதை நீங்க சொல்லலை, நான் கேக்கலை. மெஷினை விட்டுட்டு நகரக் கூடாதுங்கறது ரூல். இருபத்துநாலு மணி நேரமும் நான் பக்கத்துல இருந்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். இது தெரிஞ்சா என்னை இன்னிக்கே அனுப்பிடுவாங்க.”

“மூணு இடத்துக்கு ஒரு ஆளைப் போட்டது அவங்கதானேப்பா?”

“அதை யார் மேடம் கேப்பாங்க?”

திரும்ப ஒருமுறை அளக்கச் சொல்ல முடியாதா என்று கேட்டேன். காரணம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். காரணம் அவன்தான். இல்லை, நான்தான்.

மே 17, சனி

இன்று கருத்துக் கேட்புக் கூட்டம். பள்ளிக்கூட ஹாலில் இருநூறு நாற்காலி, மேடையில் நாலு அதிகாரிகள், அவர்களுக்கு மட்டும் தண்ணீர் பாட்டில்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனேன். நேற்று வரை இவரிடமும் சொல்லவில்லை. காலையில்தான் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “சரி, போய் உள்ளதை உள்ளபடி சொல்லிடு, நானும் வரேன்” என்று டிப்போவுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

முதலில் செயலாளர் பேசினார். இருபது நிமிஷம். “இந்தத் தெருவுல இப்பவே காது கிழியுது, மனுசன் குடியிருக்க முடியலை” என்று அடித்துப் பேசினார். கைதட்டல். அவருக்குப் பின்னால் ஆறு பேர் அதையே பேசினார்கள். மேடையிலிருந்த பெண் அதிகாரி ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். ஒவ்வொருத்தரும் என் 74.8க்கு சாட்சி சொல்கிறார்கள், தங்களுக்கே தெரியாமல்.

பெயர் கூப்பிட்டார்கள். எழுந்தேன். வரிசைகளுக்கு நடுவே மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலையைப் பஞ்சுத்தலையிடம் கொடுத்திருந்தார்கள். அவன்தான் மைக்கை என் கையில் கொடுத்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

“ஏழாம் இடத்துல எடுத்த அளவு தப்பு. அவ்வளவு சத்தம் அங்க இல்லை. அமைதியான இடம் அது” என்றேன்.

ஹால் முழுக்கத் திரும்பியது.

“எப்படித் தப்புன்னு சொல்றீங்க?” என்றார் அதிகாரி.

இப்போது சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அவன் என் பக்கத்தில் ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான், மைக் வயரைச் சுருட்டிக்கொண்டு. பதிவேட்டைத் தூக்கிக் காட்டினேன்.

“தினமும் நான் எழுதி வச்சிருக்கேன். ஐம்பத்தெட்டுதான்.”

“எந்தக் கருவிம்மா? அதுக்குத் தரச் சான்றிதழ் இருக்கா?”

“இருந்தது. போன வருஷம் முடிஞ்சுபோச்சு.”

அதிகாரி சிரிக்கவில்லை. அதற்கே நன்றி சொல்ல வேண்டும். செயலாளர்தான் எழுந்து நின்றார். “டீச்சர், நீங்க யார் பக்கம் பேசுறீங்க? இத்தனை பேர் சத்தம்னு கத்திட்டிருக்கோம், நீங்க அமைதின்னு சொல்றீங்க” என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், “அவங்களுக்கும் காது கேக்கலை போல” என்றது. எல்லாரும் சிரித்தார்கள். குருவியின் அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஏதோ சொல்லி முடிப்பேன் என்று.

“ஒருத்தர் அதிகம்ங்கறார், ஒருத்தர் கம்மிங்கறார். ரெண்டையும் பதிவு பண்ணிக்கிட்டோம். அடுத்து” என்றார் அதிகாரி.

உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது இவர், “அந்தப் பையனைப் பாத்துத்தானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒருத்தன் வேலைக்காகப் பன்னிரண்டு பிள்ளைகளை விட்டுக்கொடுத்தேனா? நல்லவளா நான், கோழையா? இன்னும் தெரியவில்லை.

மே 19, திங்கள்

கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கருவியை நகர்த்தியது நான், அளக்க வந்தவருக்கு இதில் பங்கில்லை, அவருக்குத் தெரியாமல் செய்தேன் என்று. பாதி பொய், பாதி உண்மை.

ஜூன் 9, திங்கள்

பதில் வந்தது. ஆட்சேபணைகளுக்கான கடைசி நேரம் மே 17, மாலை ஐந்து மணி. தங்கள் கடிதம் அதற்குப் பின் பெறப்பட்டதால் பரிசீலிக்க இயலவில்லை.

கூடவே கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் வைத்திருந்தார்கள். வரிசை எண் 9. கருத்து: ‘இப்பகுதி அமைதியாக உள்ளதாகவும் சத்தம் ஒரு பிரச்சினை இல்லை என்றும் பயிற்சி மையப் பொறுப்பாளர் தெரிவித்தார்.’ பதில்: ‘கருத்து வரவேற்கப்படுகிறது.’

திட்டத்தை ஆதரித்தவர்கள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. எனக்கு முன்னால் ஒரு செங்கல் வியாபாரி. எனக்குப் பின்னால் யாருமில்லை.

சிரித்தேன். இவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஜூலை 22, செவ்வாய்

இரண்டு மரமும் ஒரே காலையில் போய்விட்டன. மதியம் மதில். மண் அள்ளும் இயந்திரம் ஜன்னலுக்கு எட்டடியில் நிற்கிறது. மீட்டர் எண்பத்தொன்று.

பஞ்சுத்தலை வந்தான். வேறு கம்பெனிக்குப் போய்விட்டானாம். தானாகவே போனானாம். இப்போது உண்மையை எழுதிக் கொடுக்கத் தயார் என்று கையில் தாளோடு நின்றான். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு பேருமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பழைய அளவை ரத்து செய்தால் புதிதாக அளக்க வேண்டும். புதிதாக அளந்தால் எண்பத்தொன்று வரும். எண்பத்தொன்றுக்கு முன்னால் ரோடு சேர்ப்பது ஒன்றுமே இல்லை.

“இப்ப அளந்தா இன்னும் மோசம் மேடம்” என்றான் தாளைப் பார்த்துக்கொண்டே.

எவ்வளவு கஷ்டம் கூடுகிறதோ அவ்வளவுக்கு உரிமை குறைகிறது. இப்படி ஒரு கணக்கை யார் கண்டுபிடித்தார்கள்?

அவன் போகும்போது மன்னிப்புக் கேட்டான். நானும் கேட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வேறு இடம் தேடுகிறேன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வேண்டும், இல்லையென்றால் அம்மாக்கள் வர முடியாது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சத்தம். இந்த ஊரில் இரண்டும் சேர்ந்து அமைந்த ஒரே இடத்தில்தான் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது.

இவர் ஒரு யோசனை சொன்னார். பின்னால் இருக்கும் சாமான் அறையில் ஜன்னல் கிடையாது. பழைய மெத்தைகளைச் சுவரில் அடித்துக் கொடுத்தார், ஞாயிறு முழுக்க வியர்வையில் நனைந்து. பாவம், ரோடு வேண்டும் என்ற மனிதர். உள்ளே நாற்பத்தொன்பது. ஒரு பிள்ளையும் நானும் உட்காரலாம், கதவைச் சாத்தினால் பத்து நிமிஷத்தில் மூச்சு முட்டும்.

அக்டோபர் 30, வியாழன்

இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். குருவிக்கு ‘ம்’ இப்போது முதல் கோட்டில்கூடச் சந்தேகம்.

ஜனவரி 20, செவ்வாய்

ரோடு திறந்து ஒரு மாதம். இவருடைய டிப்போவில் எல்லா வண்டியும் நேரத்துக்கு வருகிறதாம். வீட்டில் அதைச் சொல்லிக்கொள்வதில்லை, முகத்தில் தெரிகிறது.

குருவியின் அம்மாவும் இப்போது அரை மணி முன்னதாகவே வந்துவிடுகிறாள். “பஸ்ஸுல உக்காந்தே வந்தோம் டீச்சர்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “இவ ஒரு புதுப் பழக்கம் பண்றா. இங்க இறங்கினதும் ரெண்டு மெஷினையும் கழட்டி என் கையில குடுத்துடறா. அடிச்சும் பாத்துட்டேன்” என்றாள். அடிக்காதே என்றேன். வேறு என்ன சொல்ல?

சாமான் அறையில் இன்னொரு பிள்ளை தன் அம்மாவோடு பயிற்சி செய்துகொண்டிருந்ததால் பழைய அறையிலேயே உட்கார்ந்தோம். மெஷினை மாட்டிவிட்டேன். ஒரு லாரி போனது. கழற்றினாள். மாட்டினேன். இரண்டு பஸ் சேர்ந்து போயின. கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிவு. இந்த அறையில் பயிற்சி நடக்கும்போது முன்பு இருந்த தெளிவு.

எனக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். அவள் எழுந்து பக்கத்தில் வந்தது தெரிந்தது. என் வலது காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினாள். எதையோ தேடினாள். அகப்படவில்லை. இடது காதில் தேடினாள். அங்கேயும் இல்லை. என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, என்மேல் இரக்கப்பட்டவளாக, தெளிவாகச் சொன்னாள்.

“கழட்டு.”

இதுவரை நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறாளே தவிர, தானாக ஒரு சொல் சொன்னதில்லை. இரண்டே கால் வருஷம் காத்திருந்தேன். அவள் அம்மா ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், எனக்கு நன்றி சொன்னாள்.

அவர்கள் போன பிறகு முன்னேற்ற அட்டையை எடுத்தேன். ‘தானாகச் சொன்ன முதல் சொல்’ என்ற இடத்தில் சொல்லையும் தேதியையும் எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் டிக் போட்டேன்.